பாக்கி நான்கு நிமிடம்

1

ஆவடியிலும் அம்பத்தூரிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்து நான்கு. லேசான தொப்பை, பழைய கார், பதினேழு வயதில் ஒரு மகள். ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை. இவ்வளவு தெரிந்தால் போதும், நான் என்ன பாட்டுக் கேட்பேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமாம். சொன்னது வேறு யாருமில்லை, என் மகள்தான்.

போன மாதம் ஜெனி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியலைப் போட்டாள். குழுவில் மூன்றே பேர்: நான், என் மனைவி சுகந்தி, ஜெனி. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், இருந்தாலும் குழு வேண்டியிருக்கிறது. ‘நடு வயது அப்பாக்களுக்குப் பிடித்த பத்து சாவகாசமான புரோக்ரெசிவ் ராக் ஆல்பங்கள்’ என்று தலைப்பு. கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் நான்கு. பத்தில் ஒன்பது என் அலமாரியில் இருக்கின்றன. பத்தாவதை எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பட்டியல் தப்பாக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இந்த இசையைக் கேட்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் ஒரு பாட்டு பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் ஓடும். பாடுகிறவர் வந்து நாலு வரி பாடிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வார். அப்புறம் ஆர்கன்காரரும் கிட்டார்காரரும் ஆர அமர வாசிப்பார்கள், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டிய கவலை ஒருத்தருக்கும் கிடையாது. இதே வகையில் மண்டையை உடைக்கிற ஆட்களும் உண்டு. எனக்குப் பிடித்தவர்கள் சாவகாசமான ஆட்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கேட்கலாம்.

ஆமாம், இது அப்பாக்களின் இசைதான். அதற்கென்ன இப்போது? நாளெல்லாம் அடுத்தவன் அவசரத்துக்கு ஓடிவிட்டு வருகிறவனுக்கு, அவசரமே படாத ஒரு பாட்டு பிடிப்பதில் என்ன கேலி வேண்டியிருக்கிறது? பதினெட்டு நிமிடம் ஒரே விஷயத்தைப் பொறுமையாகக் கேட்க எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? இதையெல்லாம் தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினேன். அது சரணடைவது மாதிரி ஆகிவிட்டதே என்று அன்று முழுக்க உறுத்தியது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2

ஜெனியின் வயதில் நான் ஆவடி டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். இந்த இசையை எனக்குக் கொண்டுவந்தவன் ஸ்டீபன். கொரட்டூர்க்காரன், எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசித்தவன். அவனுடைய மாமா கப்பலில் வேலை பார்த்தார். ஒரு தடவை லீவுக்கு வந்தபோது இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார். அவர் கிளம்புவதற்குள் அவற்றை கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஸ்டீபன் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான்.

அம்பத்தூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் லாரன்ஸ் என்பவர் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். ஊரே அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடும். பட்டியல் எழுதிக் கொடுத்தால் பாட்டுப் பதிந்து தருவார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு ஒரு இசைத்தட்டு என்று கணக்குப் போட்டிருந்தோம்.

“இன்னாபா இது, ஒரு பாட்டு இம்மாம் நீளமா?” என்று அண்ணாத்தே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாடறவன் நடுவுல ஊட்டுக்குப் போய் துன்னுட்டு வந்துருவான் போலக்கீதே.”

“அண்ணாத்தே, ரெண்டும் ஒரே கேசட்ல புடிக்குமா?” என்றான் ஸ்டீபன்.

“புடிக்க வைக்கிறேன். நீ போய்ட்டு வியாயக்கெயம வா.”

பிடிக்க வைத்தார். ஒரு பக்கத்தில் நாற்பத்தைந்து நிமிடம்தான் ஓடும். முதல் தட்டு கச்சிதமாக அடங்கிவிட்டது. இரண்டாவது தட்டு நாற்பத்தொன்பது நிமிடம். அதன் கடைசிப் பாட்டுதான் அண்ணாத்தே அசந்த அந்த நீளப் பாட்டு, பதினெட்டு நிமிடம். பதினாலாவது நிமிடத்தில் டேப் தீர்ந்தது, பாட்டும் அங்கேயே நின்றது. இதை அண்ணாத்தே எங்களிடம் சொல்லவில்லை. இசைத்தட்டு மாமாவோடு கப்பலேறிவிட்டது. எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பாட்டின் கடைசியில் ஆர்கன் படிப்படியாக மேலே ஏறும். கிட்டார் அதன் பின்னாலேயே ஏறும். ட்ரம்ஸும் சேர்ந்துகொள்ளும். உச்சிக்கு இன்னும் ஒரு படிதான் பாக்கி என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது, ‘டக்’. அவ்வளவுதான். அப்புறம் ஒன்றுமில்லை.

நானும் ஸ்டீபனும் முதல் தடவை கேட்டுவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். “மாமே,” என்றான் ஸ்டீபன், “இன்னா தில்லு இவனுங்களுக்கு!”

3

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, நான் அந்த மூன்று காலுக்கு விளக்கவுரையும் எழுதினேன். எங்கள் சர்ச் வாலிபர் சங்கம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியது. அதில் இரண்டு பக்கக் கட்டுரை. மனித வாழ்வும் இப்படித்தான், உச்சியைத் தொடும் முன்பே அழைப்பு வந்துவிடுகிறது, அதை அந்த இசைக் கலைஞர்கள் ஒரே ஒரு ‘டக்’கில் சொல்லிவிட்டார்கள் என்று எழுதினேன். பாஸ்டர் அதைப் படித்துவிட்டு ஒரு அடக்க ஆராதனையில் பிரசங்கத்திலேயே சேர்த்துக்கொண்டார். “ஆங்கில இசையில் ஒரு பாடல் உண்டு, பிரியமானவர்களே, அது பாதியிலே நின்றுபோகும்” என்று அவர் சொன்னபோது, நான் பின் வரிசையில் பெருமையில் உப்பிப்போய் நின்றேன். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

அதோடு விட்டோமா? அந்த வருட கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில், குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தில், அந்தப் பாட்டை நாங்களே வாசித்தோம். ஸ்டீபன் கிட்டார், நான் சர்ச் கீபோர்டு. படிப்படியாக ஏறினோம். உச்சிக்கு ஒரு படி முன்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம். கூடம் அப்படியே உறைந்துபோனது. நாங்கள் எதிர்பார்த்த மௌனம் வந்துவிட்டது என்று புல்லரித்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “இன்னாபா, கரென்ட் பூட்ச்சா?”

ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கூடமே சிரித்தது.

கேக் கொடுக்கும் இடத்தில் அப்பா என்னிடம் வந்தார். அவர் சிரிக்கவில்லை.

“எட்வினு, நல்லாத்தான் வாச்சீங்க. ஆனா அது முடியலையேடா. பாக்கி எங்க?”

“அவ்ளோதாம்பா பாட்டு. அப்டி நிக்கிறதுதான் அதோட அர்த்தமே.”

“அர்த்தம் கெடக்குது. நான் இருவது வருசமா மிஷின்கூட மாரடிக்கிறேன். ஒரு மிஷின் தானா ஓடி அடங்குற சத்தம் வேற, எவனோ சுச்ச அமுக்கி நிக்க வெக்கிற சத்தம் வேற. இது எவனோ அமுக்குனது.”

சுற்றிலும் என் நண்பர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். “உங்களுக்கு லேத் சத்தம்தாம்பா தெரியும். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, உடுங்க,” என்றேன்.

 அப்பா காகிதத் தட்டில் இருந்த கேக்கை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். அவருக்கு வலித்ததா என்று எனக்குத் தெரியாது. அப்புறம் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார். நான் கேசட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தால், “இன்னா, பாக்கி வந்துச்சா?” என்பார். நான் ஜெர்மனிக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்தபோதும், சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் அதைக் கேட்பார்.

4

பாக்கி, நான் இங்கே வந்த இரண்டாம் வருடம் கிடைத்தது. பழைய சாமான் சந்தையில், பீங்கான் தட்டுகளுக்கும் ஸ்வெட்டர்களுக்கும் நடுவில் அதே அட்டைப்படம். பின்னால் திருப்பினேன். கடைசிப் பாட்டுக்கு எதிரே பதினெட்டு நிமிடம் என்று போட்டிருந்தது. என் கேசட்டில் அது பதினாலு நிமிடம்தான் ஓடும் என்பது எனக்கு மனப்பாடம். நான்கு நிமிடம் இடித்தது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அறைக்கு வந்து ஓடவிட்டேன். பதினாலாவது நிமிடம் வந்தது, ‘டக்’ வரவில்லை. ஆர்கன் அந்தக் கடைசிப் படியில் கால் வைத்தது. பாய்ந்து போய் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

அப்பா சொன்னதுதான் சரி. கட்டுரை, பிரசங்கம், கிறிஸ்துமஸ் மேடை எல்லாம் லாரன்ஸ் அண்ணாத்தேயின் டேப் தீர்ந்ததற்கு நாங்கள் கட்டிய கோபுரம். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது இந்தத் தட்டை எடுத்துப் போவது, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பாக்கியை இரண்டு பேரும் சேர்ந்து முதல் தடவையாகக் கேட்பது, கேட்டு முடித்ததும் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். போனில் சொல்லவில்லை. நேரில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

நவம்பரில் ஒரு நாள் அப்பா காலை ஷிப்டு முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது.

அப்போது என் வசிப்பு அனுமதி நீட்டிப்புக்குப் போயிருந்தது. பழையது காலாவதி, புதியது வரவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. பதற்றத்தில் கவுன்டரில் இருந்த அம்மாவை நீ என்று சொல்லிவிட்டேன். அவர் முதலில் அதைத் திருத்தினார், பிறகு அப்பாவுக்காக வருத்தம் தெரிவித்தார், பிறகு பதில் சொன்னார்: நீங்கள் தாராளமாகப் போகலாம், ஆனால் திரும்பி உள்ளே வர முடியும் என்று எங்களால் உறுதி தர முடியாது.

அந்த அலுவலகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கும் ஆசைதான். முடியவில்லை. அவர்கள் கதவைச் சாத்தவில்லை. நான்தான் ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, போகவில்லை. என்னை மாதிரி எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டிருப்பீர்கள், அல்லது உங்கள் பிள்ளைகள் போட்டிருப்பார்கள். ஆவடியில் ஸ்டீபன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றான்.

அன்றிலிருந்து அந்தப் பாட்டை நான் விடவில்லை, காரில் கேட்கக் குறுந்தகடும் வாங்கினேன். ஆனால் பதினாலாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவேன். அப்பா கேட்காத பாக்கியை நான் மட்டும் தனியாகக் கேட்பதில்லை என்று வீம்பு. கல்யாணமான புதிதில் சுகந்தி காரணம் கேட்டாள், சொன்னேன். பூந்தமல்லிக்காரி, எதையும் சுலபத்தில் விடமாட்டாள். அதற்குப் பிறகு அதை மட்டும் கேட்டதில்லை.

5

ஜெனியிடம் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

அவளுக்கு ஏழு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் நீச்சலுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஊரின் மறுகோடியில் நீச்சல் குளம். வீட்டு வாசலில் பாட்டு ஆரம்பித்தால் குளத்தின் வாகன நிறுத்தத்தில் ஏறக்குறைய பதினாலு நிமிடம் ஆகும். அந்த இடம் அவளுக்கு அத்துப்படி. ஆர்கன் ஏற ஆரம்பித்ததும் பின் சீட்டிலிருந்து எட்டி விரலை நீட்டித் தயாராக இருப்பாள். சரியான இடத்தில் “டக்!” என்று கத்திக்கொண்டே பொத்தானை அழுத்துவாள். அழுத்திவிட்டு ஒரு சிரிப்பு. அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் மெதுவாக ஓட்டியிருக்கிறேன்.

பதிமூன்று வயதில் காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். பதினைந்தில் பஸ்ஸிலேயே போக ஆரம்பித்தாள். நாம் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். சுகந்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிப்டு வேலை. சில நாள் நானும் ஜெனியும் மட்டும் சாப்பாட்டு மேஜையில் இருப்போம். தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

இந்த நாட்டில் பதினேழு வயதிலேயே ஓட்டுநர் உரிமம் வாங்கலாம். ஆனால் பதினெட்டு ஆகும்வரை பக்கத்துச் சீட்டில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். எந்தப் பெரியவர் என்பதற்குப் படிவம் உண்டு. இங்கே எதற்குத்தான் படிவம் இல்லை? உடன் வருபவரின் பெயர், பிறந்த தேதி, உரிம நகல், கையெழுத்து எல்லாம் கொடுத்து, அலுவலகம் சரிபார்த்து, ஒரு தாளில் அச்சடித்துத் தரும். அந்தத் தாளில் பெயர் இல்லாதவர் பெற்ற அப்பனாகவே இருந்தாலும் பக்கத்தில் உட்காரக்கூடாது.

பட்டியல் வந்த அதே வாரம், ஜெனியின் தாளும் தபாலில் வந்தது. ஆசையாகப் பிரித்தேன். இரண்டு பெயர்கள்: சுகந்தி, பக்கத்து வீட்டு ஹைக்கே அம்மா. என் பெயர் இல்லை.

ஹைக்கே அம்மாவுக்கு எழுபது வயது. நல்லவர்தான், ஆனால் அவருக்குக் கழுத்தே திரும்பாது!

“என்ன இது?” என்றேன்.

“என்னப்பா?” என்றாள் ஜெனி ஜெர்மனில், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என் பேரைக் காணோம்.”

“நீ உட்கார்ந்தா பாட்டு வைப்ப. பாட்டு ஓடும்போது பேசாதேன்னு சொல்லுவ. பேசாம எப்படிப்பா நான் கத்துக்கறது? அதுவும் இல்லாம, உன் லைசென்ஸ்ல ஒரு புள்ளி இருக்கு.”

அந்தத் தண்டனைப் புள்ளி எனக்கு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். பாட்டு வேகமெடுக்கும் இடத்தில் என் காலும் வேகமெடுத்தது, ஓரத்தில் கேமரா இருந்தது. ஒரு புள்ளி வரைக்கும் சட்டமே அனுமதிக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

“நீயா போய்க் கேளேன், சேத்துக்கோன்னு. வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்றாள் சுகந்தி, ஜெனி போனபின்.

“கேக்க மாட்டேன். பாட்டையும் நிறுத்த மாட்டேன்.”

“அப்ப உக்காந்து அனுபவி.”

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எரிந்தது. அடுத்த வருடம் அவள் படிக்க வேறு ஊருக்குப் போய்விடுவாள். அவளோடு காரில் உட்கார எனக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வருடம்தான். அதற்கும் ஹைக்கே அம்மா போட்டிக்கு வந்துவிட்டார்.

6

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபனைக் கூப்பிட்டேன். அவன் இப்போதும் கொரட்டூரில்தான் இருக்கிறான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கள்ளிக்குப்பத்தில் மகள் குடும்பம், சர்ச்சில் இன்னும் அதே கிட்டார். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பட்டியல் கதை, படிவக் கதை எல்லாம் கொட்டினேன்.

“இன்னா மாமே, இதுக்குப் போய் அழுவுற?” என்றான். “எம் பேரன் என்னைய இன்னா சொல்றான் தெரிமா? தாத்தா பாட்டு வெச்சா தூக்கம் வருதுன்றான். நான் சொன்னேன், டேய், தூங்குனா தூங்கு, இது இன்னும் பத்து நிமிசம் கீது, எழுந்து வந்து மிச்சத்தக் கேளுன்னேன்.”

“அவளுக்கு என்கூட வர்றதே புடிக்கலடா.”

“ஒனக்கு மட்டும்? ஒங்கப்பாவ நீ அன்னிக்கு கேக் தட்டோட நிக்க வெச்சு இன்னா பேசுன? லேத் சத்தந்தான் தெரியும்னு. நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். மனுசன் கரெக்டா சொன்னாருடா, அந்த ‘டக்’குல பாட்டு முடியல, பாக்கி எங்கன்னு. நம்பதான் பெரிய இதுவாட்டம் பேசிக்கினு இருந்தோம். கடைசி வரைக்கும் அத்த அவருகிட்ட சொன்னியா நீ?”

கத்தியை வைத்துவிட்டேன். “இல்லடா.”

“தெரியும். சொல்லியிருந்தா அவரு எனக்கு போன் போட்டுக் கலாய்ச்சிருப்பாரு.”

திரும்பினால் வாசலில் ஜெனி நின்றுகொண்டிருந்தாள், காலி டம்ளரோடு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. ஸ்டீபனின் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

“அந்த ‘டக்’, தாத்தா கதையா?” என்றாள். தமிழில் கேட்டாள்.

சொன்னேன். கேசட், கிறிஸ்துமஸ், கேக், சந்தை, அலுவலகக் கவுன்டர், எதையும் விடவில்லை. வெங்காயத்தைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். குடிக்காமல் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சொல்லியிருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் ஒரு புதிய படிவம் இருந்தது. உடன் வருபவரைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கான விண்ணப்பம். என் பெயரும் பிறந்த தேதியும் அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தன. கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அவளுடைய கோணல்மாணல் தமிழில் ஒரு வரி: ‘பாட்டு ஓடும்போது நான் பேசுவேன்.’

அதன் கீழே நான் எழுதினேன்: ‘நீ பேசும்போது பாட்டு ஓடும்.’ எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

7

மூன்று வாரம் கழித்துப் புதிய தாள் வந்தது. மூன்று பெயர்கள். மூன்றாவது நான். குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு நேரம் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் பயிற்சி இருந்தது. முடிந்ததும் ஈரத் தலையோடு வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிகளைச் சரிசெய்தாள், பெல்ட் போட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“என்ன, வைக்கலையா?”

“எதை?”

“அப்பா பாட்டை.”

வைத்தேன். நன்றாகத்தான் ஓட்டினாள். எனக்கு ஒரு ஆணித்தரமான அபிப்பிராயம் இருந்தது, இரண்டாவது கியரை இன்னும் கொஞ்சம் பொறுத்து மாற்றலாம் என்று. வாயைத் திறக்கவில்லை. அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள். எந்த ஊரில் படிக்கப் போகிறாள், எந்தச் சிநேகிதியோடு தங்கப் போகிறாள், ஆவடியில் அந்தச் சமுதாயக் கூடம் இன்னும் இருக்கிறதா, தாத்தா ஓட்டியது சைக்கிளா ஸ்கூட்டரா என்றெல்லாம். சைக்கிள் என்றேன். பாட்டுக்கு நடுவில் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். அன்று வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஆனாலும் அவள் நிறுத்திவிடக்கூடாதே என்றும் இருந்தது.

எங்கள் தெருமுனை வந்தபோது ஆர்கன் ஏற ஆரம்பித்தது. கிட்டார் பின்னாலேயே வந்தது. வீடு தெரிந்தது. இருபத்து நான்கு வருடப் பழக்கம், என் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

ஜெனி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

“ஜெனி, வேணாம்மா.”

“வண்டி ஓட்டறது நான். நீ உடன் வருபவர். அவ்ளோதான்.”

“அப்பா கேக்காததை நான் கேக்கறதில்லைன்னு…”

“தாத்தாதானேப்பா பாக்கி எங்கன்னு கேட்டாரு? வேணாம்னா சொன்னாரு?” என்றாள். “அவர் கேட்டதுக்கு இத்தனை வருஷமா நீ பதிலே சொல்லலை.”

கையை மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டைத் தாண்டிக்கொண்டு போனாள். வாசலில் சுகந்தி குப்பைத் தொட்டியோடு நின்று கையை அசைத்தாள், எங்கே போகிறீர்கள் என்பது மாதிரி. ஆர்கன் அந்தக் கடைசிப் படியில் கால் வைத்தது.

உச்சியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இடி இடிக்கவில்லை. மேலே போன ஆர்கன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ட்ரம்ஸ் ஓய்ந்தது. கிட்டார் மட்டும் தொடக்கத்தில் வந்த அதே மெட்டைத் திரும்ப எடுத்தது, முன்னைவிட மெதுவாக. பாடுகிறவர் பதினைந்து நிமிடத்துக்கு அப்புறம் மறுபடி வந்து, முதலில் பாடிய அதே நாலு வரியைப் பாடினார். அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாகக் குறைந்தது. ஒரு மிஷின் தானாக ஓடி அடங்குகிற சத்தம் இப்படித்தான் இருக்கும். இருபது வருடம் மிஷினோடு மாரடித்தவருக்குத் தெரியாமல் போகுமா?

ஜெனி அந்த நான்கு நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, பாட்டு முற்றிலும் அடங்கியபிறகு வீட்டு முன்னால் நிறுத்தினாள்.

“பாக்கி வந்துருச்சுப்பா,” என்றேன் சத்தமாக. “நீங்க சொன்னதுதான் சரி. எவனோ அமுக்கிட்டான். நான்தான் தப்பு.”

ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரிடம் பேசினேன் என்று கேட்கவில்லை. எனக்கு முகமெல்லாம் நனைந்திருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. நடு வயது அப்பா காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு அழுதான் என்று யார் வேண்டுமானாலும் பட்டியல் போட்டுக்கொள்ளட்டும்.

சுகந்தி கார்க் கண்ணாடியைத் தட்டினாள். ஜெனி அம்மாவிடம் கையைக் காட்டினாள், இன்னும் கொஞ்ச நேரம் என்று. பிறகு சாவியைத் திருப்பி வண்டியை மறுபடி கிளப்பினாள்.

“ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா,” என்றாள். “முதல்லேர்ந்து வை.”

வைத்தேன். சத்தத்தை ஒரு துளிகூடக் குறைக்கவில்லை.